களத்தில் கிடந்த எலி

டூசான், அரிசோனா
3.9.2024

அன்புள்ள அக்கா பொன்செல்விக்கு,

தம்பி பெத்துராஜ் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ, அத்தான், ப்ரியா மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை இதுவரை அடுத்தவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இனி உன்னிடமே கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் பார்க்கப்படாமலே கிடக்கிறது. கடிதத்தை பிளாக் பண்ண முடியாதல்லவா? கிழித்துப் போடலாம். கிழிக்கும்போது ஒரு வரியாவது கண்ணில் படும்.

யாகூப் அண்ணாச்சியோடு போனில் பேசினேன். "நம்ம ப்ரியதர்ஷினிக்கு மாப்பிள பாத்தாச்சு, வாசுதேவநல்லூர் பையன், உனக்குத் தெரியாதாடே?" என்றார். உன் பூக்கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவருக்குத் தெரிந்தது தாய்மாமனுக்குத் தெரியவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

நமக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ப்ரியாவுக்கு மாமன் என்று நான் ஒருத்தன்தான். அவள் கல்யாணத்தில் மாமன் மாலை போட நான் வர வேண்டும். அதற்கு நீ கூப்பிட வேண்டும்.

அப்பாவை விரியன் கடித்த அன்று, "பாம்பையும் அடிச்சு எடுத்துட்டுப் போகணும், டாக்டர் கேப்பாக" என்று நீ என்னைத் தேட அனுப்பினாய். இருபது நிமிஷம் போயிற்று. மூன்றாம் நாள் அப்பா இறந்தார். "எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்துதான், சீக்கிரம் வந்திருக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, இழவு வீட்டில் அத்தனை சொந்தபந்தம் முன்னாலும் "அப்பாவக் கொன்னது நீதான்" என்று நான் கத்தினேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. பதினான்கு வருஷம். அதைப் பற்றி எழுத நாலு தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாம்பு ஆராய்ச்சிதான் என் வேலை. சிரிக்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் வராவிட்டாலும் மறுபடி எழுதுவேன்.

உன் தம்பி
பெத்துராஜ்


சங்கரன்கோவில்
30.9.2024

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே யாவரும் நலம். அத்தானுக்கு மட்டும் முழங்கால் வலி. ஆடித்தபசுக்கு ஒற்றைக் காலில் நின்றது கோமதி அம்மன், வலி மட்டும் இவருக்கு.

உன் கடிதத்தைத் தபால்காரர் மார்க்கெட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். "அமெரிக்காவுலேர்ந்து வந்திருக்கே, கோர்ட்டு நோட்டீஸாக்கா?" என்று அவர் கேட்டதும், பிச்சிப்பூ எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தராசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

கிழிக்கவில்லை.

ப்ரியாவுக்குப் பேச்சு நடக்கிறது, அவ்வளவுதான். இன்னும் தட்டுக்கூட மாற்றவில்லை. அதற்குள் யாகூப் அண்ணாச்சி அமெரிக்கா வரை ஊதியாச்சா? மாமன் மாலை யார் போடுவது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

போன் செய்யாதே. எழுது, பதில் போடுகிறேன். ஏன் என்று கேட்காதே.

இங்கே வீட்டுக்குப் பாம்பு வரக் கூடாது என்று கோயில் புற்றுமண்ணை வாங்கி முடிந்து வைக்கிறோம். நீ பாம்பு இருக்கிற இடத்தைத் தேடிப் பிளேன் ஏறிப் போயிருக்கிறாய். நன்றாக இரு. கையுறை போட்டுக்கொள்.

இப்படிக்கு
பொன்செல்வி


டூசான்
24.10.2024

என் அருமை அக்காவுக்கு,

உன் கையெழுத்து மாறவேயில்லை. 'ழ' மட்டும் இன்னமும் வரியை விட்டு இறங்கித் தொங்குகிறது. கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இங்கே வெயில் குறைந்துவிட்டது, நான் சுகம். அத்தானை மூட்டுக்கு நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்.

என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே கிலுகிலுப்பைப் பாம்பு என்று ஒன்று. வாலில் கிலுகிலுப்பை கட்டின மாதிரி சத்தம் வரும். நம் ஊர்க் கண்ணாடி விரியனுக்குச் சொந்தம்தான். இது எலியைக் கொத்தியதும் பிடித்து வைத்துக்கொள்ளாது, விட்டுவிடும். எலி திருப்பிக் கடித்தால் கண் போய்விடுமே! கடிபட்ட எலி ஓடி எங்கேயோ போய் விழும். பாம்பு அவசரப்படாது. கொஞ்ச நேரம் கழித்து நாக்கை நீட்டி நீட்டித் தரையைத் தடவிக்கொண்டு கிளம்பும். நாக்கில் ஒட்டிய வாசனையை மேல் அண்ணத்தில் இருக்கும் இரண்டு குழிகளில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கும். வழியில் நூறு எலி நடந்திருந்தாலும், தான் கொத்திய எலி போன பாதையை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். விஷத்தில் கொல்வதற்கென்று இல்லாத ஒரு புரதம் இருக்கிறது. அது அந்த எலியின் வாசனையையே மாற்றிவிடுகிறது. இது எங்களுக்கு முன்பே கண்டுபிடித்த விஷயம். நான் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

லேபில் எலிக்குப் போடுவது உடைத்த மக்காச்சோளம். மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் குருவிகுளம் புஞ்சைக்குப் போய்விடுகிறேன். கதிர் அறுக்கிற மாதம் மோட்டார் ரூமில் நாம் மூன்று பேரும் படுத்துக் கிடப்போமே! இளங்கதிரைச் சுட்டு, உப்பும் வத்தல்பொடியும் தேய்த்து அப்பா கொடுப்பார். கட்டிக் கொடுத்த பிறகும் வருஷம் தவறாமல் அறுப்புக்கு நீ வந்துவிடுவாய். அந்தப் பத்து நாளுக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன்.

ஒன்று கேட்க வேண்டும். கடைசி அறுப்பில், அப்பாவைக் கடித்த அன்று காலையில், களத்தில் ஒரு எலி கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அது பிறகு என்ன ஆயிற்று?

யோசித்து எழுது. ப்ரியாவுக்கு மாமனின் முத்தம்.

பெத்துராஜ்


சங்கரன்கோவில்
28.11.2024

பிரியமுள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்கக் கோமதி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கார்த்திகை மழை விடாமல் பெய்து மல்லி வரத்து நின்றுபோனது. கேரளாக்காரர்கள் போன் மேல் போன். அதனால்தான் தாமதம்.

சுட்ட கதிரைப் பற்றி எழுதி என்னை வம்புக்கு இழுத்துவிட்டாய். அன்றைக்கே அத்தானை வாங்கி வரச் சொல்லி அடுப்பில் சுட்டேன். அந்த ருசி இல்லை. ப்ரியா, "எம்மா, கருக்கிட்ட" என்கிறாள். அப்பா கருக்கித்தான் கொடுப்பார், நாம்தான் ருசி என்று தின்றோம் போலிருக்கிறது.

தபசுக்கு அப்பா நம்மை சைக்கிளில் கூட்டி வந்தது நினைவிருக்கிறதா? முன் பாரில் நீ, பின்னால் நான். கூட்டத்தில் நீ தொலைந்துபோனாய். அப்பா கோபுரவாசலிலேயே அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நீயோ வளையல் கடைக்காரர் மடியில் உட்கார்ந்து சீரணி மிட்டாய் தின்றுகொண்டிருந்தாய். "ஏலே, ஒன்னயக் காணாம அப்பா செத்துப் போயிருப்பாகலே" என்று முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு நானும் அழுதேன்.

"கைய வைக்கதுக்கு முன்ன கம்ப வை" என்று ஆயிரம் தடவை நமக்குச் சொன்ன மனுஷன். தான் மடித்துப் போட்ட தார்ப்பாய்தானே என்று அன்றைக்கு ஒருநாள் கம்பை வைக்காமல் கையை வைத்தார்.

தை மாதம் ப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். கல்யாணம் வைகாசியில் இருக்கும். மாமன் யார் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். அமெரிக்காவில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எலி பற்றிக் கேட்டிருந்தாய். அறுப்புக் களத்தில் எலிக்கா பஞ்சம்? எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அதையெல்லாம் கிளறாதே.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்.

உன் அக்கா
பொன்செல்வி


டூசான்
22.12.2024

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? நிச்சயதார்த்தச் செய்தியைப் படித்து, தனியாக இருந்தாலும் பாயசம் வைத்துக் குடித்தேன். சீனி கூடிவிட்டது.

கிளறாதே என்றாய். கிளறாமல் இருக்க முடியவில்லை. மூன்று வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டு உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன்.

அன்று விடிந்ததும் பல் தேய்க்கக் களத்துக்கு வந்தேன். நடுக்களத்தில் ஒரு எலி நடக்க முடியாமல் தள்ளாடித் தள்ளாடிச் சரிந்தது. மருந்து தின்ற எலி என்று நினைத்தேன். முந்தின வாரம்தான் வரப்பில் எலி மருந்து வைத்திருந்தோம். அப்பா என்ன சொல்வார்? மருந்து தின்ற எலியை வெளியே போடாதே, நாய் தின்று செத்துவிடும், புதைத்துவிடு என்பார். நம் நாய் செவலை அங்கேதான் படுத்திருந்தது. மண்வெட்டி மோட்டார் ரூமுக்குள் இருந்தது. வாயில் பற்பொடி. வாய் கொப்பளித்துவிட்டு வந்து புதைக்கலாம் என்று, அந்த எலியை வாலைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டுபோய், அப்பா மடித்து வைத்திருந்த தார்ப்பாய் மடிப்புக்குள் தள்ளினேன், செவலைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று. பம்ப்செட்டுக்குப் போனேன். அங்கே உன்னிடம் எலி விஷயத்தைச் சொன்னேன், நீ காப்பி கொடுத்தாய். பேச்சில் எலியைப் புதைக்க மறந்துவிட்டேன். அரை மணி கழித்து அப்பா தார்ப்பாயைத் தூக்கினார்.

மூன்று வருஷத்துக்கு முன் லேபில் ஒரு சோதனை. கொத்துப்பட்ட சுண்டெலியை நூலில் கட்டித் தரையோடு இழுத்து ஒரு பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தோம். பாம்பு அந்தத் தடத்தில் அங்குலம் அங்குலமாக வந்து, பெட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்தது. சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா, அது மருந்து தின்ற எலி இல்லை. விரியன் கொத்திவிட்ட எலி. நான் இழுத்த தடத்திலேயே விரியன் வந்திருக்கிறது. தார்ப்பாய்க்கு நான்தான் அதை வழி காட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் களத்துக்குப் போனேன். தார்ப்பாய் மடிப்பில் எலி இல்லை. எனக்கு இருக்கிற ஒரே நம்பிக்கை அதுதான். எலி தெளிந்து தானாக எழுந்து ஓடியிருந்தால் அது கடிபட்ட எலியே இல்லை, நான் காரணம் இல்லை. பாம்பு விழுங்கியிருந்தால் நான்தான் காரணம். நீ தார்ப்பாய் பக்கத்தில்தான் நின்றாய். என்ன பார்த்தாய் என்று சொல்லு.

அத்தானிடம் இதைச் சொல்லாதே.

பெத்து


டூசான்
10.2.2025

அக்காவுக்கு,

நலமா? ஏழு வாரமாகப் பதில் இல்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதன் கீலே ஆடிப்போனது.

அன்று ஆட்டோ கொண்டுவந்த யாகூப் அண்ணாச்சியிடம் எலியைப் பற்றிக் கேட்டேன். "அத ஒங்கக்காட்ட கேளு தம்பி. நான் வாய் திறக்க மாட்டேம்" என்றார். அப்படியானால் ஏதோ இருக்கிறது.

உன் மௌனமே எனக்குப் பதில். செய்தது நான், பழியை உன் தலையில் கட்டியவனும் நான். ப்ரியா கழுத்தில் மாலை போட இந்தக் கை வேண்டாம். பெரியப்பா மகன் யாரையாவது மாமனாக நிறுத்திக்கொள். ப்ரியாவுக்கு எடுத்த பட்டுச்சேலையை மட்டும் அனுப்பி வைக்கிறேன்.

அவள் நன்றாக இருக்கட்டும்.

பெத்துராஜ்


சங்கரன்கோவில்
3.3.2025

என் தம்பிக்கு,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் இரண்டு மாதமாக ஒரு நிலையில் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். பூ கட்டுகிற நாருக்கும் கடிதத் தாளுக்கும் கடையில் வித்தியாசம் தெரியவில்லை.

எலி எழுந்து ஓடவில்லை. பாம்பும் விழுங்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

நீ கம்போடு வேலியை அடித்துக்கொண்டிருந்தாய். யாகூப் அண்ணாச்சி ஆட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்பா மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். கை வீங்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அவர் கண் தார்ப்பாய் மேலேயே இருந்தது.

"அந்த எலிய யாரு அங்கன வச்சது?" என்றார்.

"தம்பிதாம்ப்பா. மருந்து தின்ன எலி, செவலை தின்னுரும்னு வச்சான்."

அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். பிறகு சொன்னார். "அது மருந்து தின்ன எலி இல்ல மக்கா. விரியன் போட்ட எலி. மூக்குல ரத்தம் பாத்தியா? போட்டுட்டுப் பின்னாலயே தேடி வந்திருக்கு. அவன் வாரதுக்குள்ள அத எடுத்துத் தூரப் போட்டுரு. அவங்கிட்ட மூச்சு விடாத. சின்னப் பய, ஆயுசுக்கும் சொமப்பான்."

நீ மூன்று வருஷத்துக்கு முன் லேபில் கண்டுபிடித்ததை, அப்பா அந்தப் படியில் உட்கார்ந்தே சொல்லிவிட்டார். நான் எலியைச் சாக்கில் சுற்றிப் பாழுங்கிணற்றில் போட்டேன். யாகூப் அண்ணாச்சி பார்த்தார். அவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அப்பா ஆட்டோவில் ஏறினார்.

பாம்பைத் தேடச் சொன்னது நான். அந்த இருபது நிமிஷம் என் பங்கு. அதை இல்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நீ இழவு வீட்டில் என்னைக் கைநீட்டிக் கத்தினாயே, அப்போது எலி விஷயம் என் நாக்கு நுனிவரை வந்தது. அப்பா முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன். விழுங்கினது செரிக்கவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்கள். உன் மேல் அப்படி ஆத்திரம் வரும். போனில் உன் குரல் கேட்டால் ஒரு நிமிஷத்தில் கொட்டிவிடுவேன் என்று பயம். அதனால்தான் எடுக்கவில்லை. எழுதினால் கிழித்துப் போடலாமே.

நீயே கண்டுபிடித்த பிறகு இனி மறைத்து என்ன? ஒன்றை மட்டும் மனசில் வை. அந்த எலியை நீ ஒளித்து வைத்தது ஒரு நாய் சாகக் கூடாது என்று. அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். அதற்காக அவர் உன்மேல் வருத்தப்படவில்லை, ஆட்டோவில் போகும்போதும் உன் பரீட்சைத் தேதியைத்தான் கேட்டார்.

வேறு மாமனை நிறுத்து என்று இன்னொரு தடவை எழுதினால் அந்தக் கடிதத்தை நிஜமாகவே கிழிப்பேன்.

சாப்பிடாமல் கிடக்காதே.

பொன்செல்வி


டூசான்
27.3.2025

அக்கா,

நலம் கேட்கக்கூட வார்த்தை வரவில்லை. உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அழுதேன். பிறகு தூங்கினேன். இந்த மூன்று வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

மன்னிப்பை நான் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. உன்னைச் சொன்னது நூறு பேர் முன்னால். அந்த நூறு பேரும் கல்யாணத்துக்கு வருவார்கள். மேடையில் மைக்கைப் பிடித்து, எலியில் தொடங்கி நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சாவுக்கு நீ காரணம் இல்லை, நான்தான் என்று அவர்கள் என் வாயால் கேட்கட்டும். டிக்கெட் போட்டுவிட்டேன்.

உன் தம்பி


சங்கரன்கோவில்
21.4.2025

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அத்தான் முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டு தெருத்தெருவாகப் பத்திரிகை வைக்கிறார். பத்திரிகை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயரும் பட்டமும் இருக்கிறது. பட்டத்தில் அச்சுப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள், அச்சகக்காரருக்கு அவ்வளவு பெரிய படிப்பு பழக்கமில்லை.

மைக் கூடாது. எலியைப் பற்றி ஊருக்கு ஒரு சொல் தெரியக் கூடாது. உனக்குத் தெரிந்துவிட்டது, அது நீ படித்த படிப்பின் கோளாறு. மற்றவர்களுக்குத் தெரிந்தால் அப்பா என்னிடம் கேட்டுக்கொண்டது என்ன ஆவது? வலியோடு அவர் கேட்ட கடைசிக் காரியம் அது. என்னைப் பற்றி நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் நூறு பேர் முன்னால் சொன்னதற்கு நூறு பேர் முன்னால்தான் பதில் என்று எழுதியிருந்தாயே, அது நியாயம். அதனால் இப்படிச் செய். மாலையைத் தொடுவதற்கு முன்னால் மேடையில் என் காலில் விழு. தம்பி அக்காள் காலில் விழுகிறான் என்றுதான் சபை நினைக்கும். போட்டோக்காரர் படம் எடுப்பார். எதற்கு விழுகிறாய் என்பது உனக்கும் எனக்கும் தெரியும், முன் வரிசையில் யாகூப் அண்ணாச்சிக்குத் தெரியும்.

உடனே தூக்கிவிடுவேன் என்று நினைக்காதே. கொஞ்ச நேரம் கிடக்க விடுவேன். பதினைந்து வருஷம் ஆயிற்று அல்லவா?

பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா
பொன்செல்வி